கீழ்த் தோட்டத்தைப் பற்றி அம்மா எழுதுவது

அன்பு மகனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் அப்பாவும் நலம். நீயும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே நலமாக இருக்க அல்லாஹ்விடம் துஆ செய்கிறேன்.

வெள்ளிக்கிழமை நீ அப்பாவிடம் போனில் பேசியதை நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். முழங்கால் வலியோடு இனிக் கீழ்த் தோட்டத்துக்கு இறங்க வேண்டாம் என்றாய். அங்கே விளையும் கத்தரிக்காய்க்கும் கீரைக்கும் என்ன விலையோ அதற்கு மேலேயே மாதாமாதம் அனுப்பிவிடுகிறேன் என்றாய். நம் பத்தீர்தான் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்துவிட்டதே, இனி யார் வந்து என்ன செய்துவிட முடியும் என்றும் கேட்டாய். அவர் "பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னார். மறுநாள் விடியற்காலையில் வழக்கம்போல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

நீ அக்கறையால்தான் சொன்னாய். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் அவர் உன்னிடம் வாதாட மாட்டார். ஆகவே நான் எழுதுகிறேன். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு வெளிநாடு போனவன் நீ. ஊரை உனக்குத் தெரியும். அந்த ஊர் இன்னும் எப்படி இங்கே இருக்கிறது என்பதை மட்டும் துண்டு துண்டாகத்தான் கேட்டிருக்கிறாய். கல்யாண வீட்டில் கொஞ்சம், இழவு வீட்டில் கொஞ்சம். உட்கார வைத்து முழுதாகச் சொல்ல எங்களுக்கும் பொழுது வாய்க்கவில்லை. பொறுமையாகப் படி, மகனே.

பத்தீர் எங்கே இருக்கிறது என்று அங்கே யாராவது கேட்டால், "ஜெருசலேம் பக்கம்" என்று சொல்லி முடித்துவிடுவாய். தவறில்லை. பாலஸ்தீனத்தின் மேற்குக் கரையில், ஜெருசலேமுக்குத் தென்மேற்கே, பெத்லகேமுக்கு மேற்கே ஆறேழு கிலோமீட்டர். ஆனால் முன்னோர் இந்தச் சரிவில் குடியேறியது எந்த நகரத்துக்குப் பக்கம் என்று பார்த்து அல்ல, தண்ணீருக்காக. நம் மலைகள் சுண்ணாம்புக்கல். குளிர்காலத்தில் பெய்யும் மழை மேலே தங்காது, வெடிப்புகள் வழியே உள்ளே இறங்கிவிடும். இறங்கும் நீர் ஓரிடத்தில் களிப்பாறை அடுக்கைத் தொடுகிறது. அந்த அடுக்குக்குள் தண்ணீர் புகாது. அதனால் பக்கவாட்டில் நகர்ந்து, சரிவின் வயிற்றைத் திறந்துகொண்டு ஊற்றாக வெளியே வருகிறது. நம் ஐன் அல்-பலத் அப்படி வந்த ஊற்று. இன்னும் சில ஊற்றுகள் சுற்றிலும் உண்டு, பெரியது இதுதான்.

ஊற்றைச் சுற்றியும் அதற்கு மேலேயும் வீடுகள். ஊற்றுக்குக் கீழே ஜினான், நம் காய்கறித் தோட்டங்கள், படிப்படியாக இறங்கிப் போகின்றன. பள்ளத்தாக்கின் அடியில் ரயில் பாதை. ஊற்று நீர் எட்டாத மற்றச் சரிவுகளிலும், பெய்த் ஜாலாவிலிருந்து இறங்கி வரும் மக்ரூர் பள்ளத்தாக்கிலும் மழையை மட்டும் நம்பி நிற்பவை ஒலிவ மரங்கள், திராட்சை, அத்தி, பாதாம். ஜினானுக்குப் பாயும் தண்ணீருக்கு மோட்டார் கிடையாது, குழாய் கிடையாது. ஊற்றிலிருந்து கடைசிப் படி வரை சரிவே இழுத்துச் செல்கிறது.

இனி முறையைச் சொல்கிறேன். நீ இதை விளையாட்டாகப் பார்த்து வளர்ந்தவன்.

ஊற்று நீர் பாறைக் குடைவு வழியே வந்து கல் கட்டிய குளத்தில் இரவெல்லாம் தேங்குகிறது. ரோமானியர் காலத்துக் குளம் அது. பொழுது விடிந்ததும் அன்றைய முறைக்காரர்கள் குளக்கரையில் கூடுவார்கள். ஒருவர் குறி வெட்டிய கழியை நேராக உள்ளே விடுவார். அடியில் உள்ள கல்லைத் தொட்டதும் வெளியே எடுப்பார். ஈரம் எந்தக் குறி வரை ஏறியிருக்கிறது என்று விரல் வைத்துப் பார்ப்பார்கள். இன்றைக்குத் தண்ணீர் இவ்வளவு, ஒரு பங்குக்கு இவ்வளவு என்று நின்ற இடத்திலேயே கணக்கு முடிந்துவிடும். பிறகு மடையைத் திறப்பார்கள். குளம் இறங்க இறங்க மறுபடியும் கழியை விட்டுப் பார்த்து, ஒருவர் பங்கு தீர்ந்ததும் அடுத்தவர் வாய்க்காலுக்குத் திருப்பிவிடுவார்கள். வாய்க்காலில் ஒரு கல்லும் பழந்துணியும் அடைத்தால் தண்ணீர் வலப்பக்கம் போகும், எடுத்தால் நேரே போகும். கழியின் ஈரம் காய்வதற்குள் கணக்கைச் சொல்லு என்று உன் தாத்தா உன்னை அவசரப்படுத்துவார், நினைவிருக்கிறதா? நீ தப்பாகச் சொன்னால் சுற்றி நின்ற அத்தனை பேரும் ஒரே குரலில் திருத்துவார்கள்.

ஊரில் எட்டுப் பெருங்குடும்பங்கள். குடும்பத்துக்கு ஒரு நாள் தண்ணீர். பத்தீரில் வாரத்துக்கு எட்டு நாள் என்று சொல்வது இதனால்தான். இதில் ஒரு நுட்பத்தை நீ கவனித்திருக்கிறாயா தெரியவில்லை. முறை எட்டு நாளுக்கு ஒரு தடவை வருகிறது, கிழமையோ ஏழு. ஆகவே இந்த வாரம் திங்களில் வந்த முறை அடுத்த வாரம் செவ்வாயில் வரும். வெள்ளிக்கிழமைத் தொழுகை நாளும் சந்தை நாளும் எல்லாக் குடும்பத்துக்கும் சுற்றிச் சுற்றி வரும். ஒருவருக்கே வசதியான கிழமை, ஒருவருக்கே தொல்லையான கிழமை என்று நிலைத்துவிடாது. இதை யார் யோசித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. படித்த பொறியாளர்கள் வந்து பார்த்துவிட்டு வியந்து போகிறார்கள். எனக்கோ இந்த ஊர் செய்த காரியங்களிலேயே மிகப் பெரியது இதுதான் என்று தோன்றுகிறது. ஊற்றைப் படைத்தவன் இறைவன். அதை அடித்துக்கொள்ளாமல் இத்தனை தலைமுறையாகப் பங்கிட்டது மனிதர்கள்.

நான் பிறந்த வீட்டு முறை வேறு, புகுந்த வீட்டு முறை வேறு. கல்யாணமான புதிதில் என் பிறந்த வீட்டு முறை நாள் வந்தால் எனக்குத் தூக்கம் தானாகக் கலைந்துவிடும். எழுந்து உட்கார்ந்த பிறகுதான் இன்றைக்கு நம் நாள் இல்லை என்று உறைக்கும். உன் பாட்டி அதைப் பார்த்துவிட்டு ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினார். நம் படிகள் எவை, மேல் வரப்பிலிருந்து தண்ணீர் எத்தனை திருப்பம் எடுத்து வருகிறது, எந்தக் கல் ஆடும், எந்தக் கல்லில் காலை வைக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். அன்றிலிருந்து இந்த வீட்டு நாள் என் நாளாயிற்று.

முறைக்கு ஆள் வராவிட்டால் தண்ணீர் வீணாகாது. பக்கத்துப் படிக்காரர் திருப்பிக்கொள்வார், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான் பார்த்தவரை, பருவத்துக்குப் பருவம் ஆள் வராத பங்கு குளக்கரைப் பேச்சிலிருந்தே மெல்ல மறைந்துவிடுகிறது. முதலில் அந்த வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி "அவர் வெளியூரில் இருக்கிறார்" என்பார்கள். பிறகு அதையும் சொல்ல மாட்டார்கள்.

சுவர்களும் அப்படித்தான். நீ அனுப்பிய படங்களில் அந்த ஊர்ச் சாலையோரச் சுவர்கள் சிமெண்டில் கட்டியவை; கட்டிவிட்டால் மறந்துவிடலாம். நம் படிகளைத் தாங்கும் சுவரில் சுண்ணாம்பும் இல்லை, சிமெண்டும் இல்லை. கல்லின் மேல் கல். அடியில் பெரிய கல், மேலே போகப் போகச் சிறியது, முழுச்சுவரும் மலைப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்க வேண்டும். சுவருக்குப் பின்னால் சரளைக்கல்லை நிரப்பி, அதற்கும் பின்னால்தான் மண். மழைநீர் சரளை வழியே வடிந்து கல் இடுக்குகளில் வெளியேறும், மண் உள்ளேயே தங்கும். சரளையை ஒழுங்காக நிரப்பாமல் விட்டால் மண் ஊறிப் பெருத்துச் சுவரைத் தள்ளிவிடும்.

இந்த ஆண்டு பிப்ரவரி மழையில் நம் இரண்டாம் படிச் சுவர் ஓர் ஆள் நீளத்துக்குச் சரிந்தது. உன் அப்பா முதலில் விழுந்த கற்களை எல்லாம் தரையில் பரப்பி, அளவு வாரியாகப் பிரித்தார். அதற்கே ஒரு பகல் போயிற்று. பிறகு ஒவ்வொரு கல்லையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். தட்டையான முகம் எங்கே, வால் எங்கே என்று தடவிப் பார்த்து, வால் உள்ளே போகும்படி வைப்பார். வைத்ததும் உள்ளங்கையால் ஓர் அழுத்து. ஆடினால் எடுத்துவிட்டு வேறு கல். உளி வைத்து உடைக்க மாட்டார். இந்தச் சுவரிலிருந்து விழுந்த கல்லுக்கு இந்தச் சுவரிலேயே இடம் இருக்கும் என்பார். நான் கூடையில் சரளை அள்ளிக் கொடுத்தேன். அந்த முழங்கால் வலி அப்போது வந்ததுதான். ஆனால் அந்த ஓர் ஆள் நீளத்தை அப்படியே விட்டிருந்தால் அடுத்த மழையில் மேல்படியும் இறங்கியிருக்கும், அதற்கடுத்த மழையில் பக்கத்து வீட்டுக்காரர் படியும்.

இந்தச் சரிவைப் பிடித்துக்கொள்ள வந்தவர்கள் கொஞ்ச நஞ்சம் பேர் அல்ல. ஊற்றுக்குப் பக்கத்துப் பாறையில் தேய்ந்துபோன லத்தீன் எழுத்து இருக்கிறதே, அதில் ரோமானியரின் ஐந்தாம், பதினோராம் படையணிகளின் பெயர் இருக்கிறது. பர் கொக்பா தலைமையில் யூதர்கள் ரோமை எதிர்த்துக் கிளர்ந்தபோது அவர்களின் கடைசிக் கோட்டை இங்கேதான் இருந்தது. 135-இல் ரோமானியர் அதை வீழ்த்தினார்கள். அந்த மேட்டை நம் ஊரார் இன்றைக்கும் கிர்பத் அல்-யஹூத், யூதர்களின் இடிபாடு என்றே சொல்கிறோம். அங்கே நம் ஊர்க்காரர்களின் மரங்கள் நிற்கின்றன. அந்த வரலாற்றை நாம் ஒருநாளும் மறைத்ததில்லை, பெயரை மாற்றியதில்லை. இந்த மண் யாருடைய கதையையும் மறுக்க வேண்டியதில்லை என்றுதான் உன் தாத்தா சொல்வார். 16-ஆம் நூற்றாண்டின் உதுமானிய வரிக் கணக்கிலும் பத்தீர் இருக்கிறது. இன்னாரிடம் இவ்வளவு வரி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வரி வாங்கியவர்கள் போய்விட்டார்கள்.

ரயில் வந்தது 1892-இல். யாஃபாவிலிருந்து ஜெருசலேமுக்குப் போட்ட பாதை, இந்த நாட்டின் முதல் ரயில் பாதை. ஜெருசலேமுக்கு முந்தைய நிலையம் நம் பத்தீர். அதுவரை காய்கறிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மலையேறி இறங்கிய பெண்கள், விடியலில் பறித்த கீரையை வாடுவதற்குள் ஜெருசலேம் சந்தையில் இறக்க முடிந்தது. நம் கத்தரிக்காய்க்குப் பேர் வந்ததும் அந்தச் சந்தையில்தான். நீளமானது, தோல் மெல்லியது, விதை குறைவு. உள்ளே அரிசி நிரப்பிச் சமைக்கும் மஹ்ஷிக்குக் குடைந்தால் கையோடு வரும், கசப்பு இருக்காது. விதையைக் கடையில் வாங்குவது இல்லை. நல்ல காயாகப் பார்த்துச் செடியிலேயே பழுக்கவிட்டு எடுத்து வைக்கிறோம். மருமகள் கேட்டிருந்தாள் என்று போன ஆண்டு ஒரு பொட்டலம் அனுப்பினேனே, அந்த மண்ணில் முளைத்ததா? நீ சொல்லவே இல்லை.

அந்த ரயிலே பிறகு நமக்கு உயிரும் ஆயிற்று, எல்லையும் ஆயிற்று.

1948-இல் நடந்ததை உன் பாட்டி உன்னிடம் சொன்னதில்லை. என்னிடமும் ஒரே ஒருமுறைதான் சொன்னார். இஸ்ரேல் உருவான அந்த ஆண்டுச் சண்டை நெருங்கியது. பக்கத்து ஊர்கள் காலியாகிக்கொண்டிருந்தன. வலஜா விழுந்தது. அல்-கபூ விழுந்தது. தெய்ர் யாசீன் ஊரில் நடந்த படுகொலை எல்லோர் காதிலும் இருந்தது. நம் ஊரிலும் பெரும்பாலானோர் கிளம்பிவிட்டார்கள். பாட்டியும் கைக்குழந்தையோடு பெய்த் ஜாலாப் பக்கம் மலையேறிவிட்டார். ஊரில் தங்கியது ஒரு சிறு கூட்டம். அவர்களுக்கு முன்நின்றவர் ஹசன் முஸ்தபா. அவர்களிடம் படைபலம் இல்லை. இருட்டியதும் ஆள் இல்லாத வீடுகளுக்குள் போய் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தார்கள். காலையில் மாடுகளை வெளியே ஓட்டி மேய விட்டார்கள். கொடியில் துணி காயப்போட்டதாகவும் சொல்வார்கள். எதிர்ச் சரிவிலிருந்து பார்த்தவர்களுக்கு ஊர் முழுதும் ஆள் இருப்பதாகவே தெரிந்தது.

அந்தத் துணிகள் யாருடையவை என்று நான் பாட்டியிடம் கேட்டேன். "எங்களுடையவைதான், அவசரத்தில் விட்டுவிட்டுப் போனவை" என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை.

1949 ஏப்ரல் 3-இல் ரோட்ஸ் தீவில் இஸ்ரேலும் ஜோர்தானும் போர்நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ரயில் பாதை இஸ்ரேலுக்கு வேண்டும். நிலம் ஊர்க்காரர்களுக்கு வேண்டும். ஹசன் முஸ்தபா இஸ்ரேல் படைத் தளபதி மோஷே தயானிடமே பேசினார். முடிவில், ரயிலுக்குச் சேதம் வராமல் ஊர் பார்த்துக்கொள்ள வேண்டும், பதிலுக்கு மக்கள் திரும்பி வரலாம், எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்ட நிலத்தையும் தொடர்ந்து பயிரிடலாம் என்று ஆயிற்று. நம் ஊர் நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அப்படி அந்தப் பக்கம் இருக்கிறது. அதன் பின் 1967 வரை, எல்லையைத் தாண்டிப் போய்த் தன் நிலத்தை உழுதுவிட்டு மாலையில் வீடு திரும்பப் பத்தீர்க்காரர்களுக்கு அனுமதி இருந்தது. ஊர் தன் வாக்கைக் காப்பாற்றியது. ரயில் ஓடியது, ஆனால் நமக்காக நிற்கவில்லை. நான் சிறுமியாக இருந்தபோது அது போகும் சத்தத்தை வைத்து நேரம் சொல்வோம்.

பாட்டி அந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்தவர்களில் ஒருவர். வலஜாக்காரர்களுக்கு அது வாய்க்கவில்லை. அவர்களின் பழைய ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. இந்தப் பக்கம் எஞ்சிய நிலத்தில் மறுபடி வீடு கட்டி அதற்கும் வலஜா என்றே பெயர் வைத்தார்கள். இன்றைக்கு அந்தப் புதிய ஊரையும் இஸ்ரேல் கட்டிய பிரிப்புச் சுவர் வளைத்துவிட்டது.

ஹசன் முஸ்தபா அதோடு நிற்கவில்லை. பள்ளிக்கூடம், சாலை என்று ஊர்க்காரர்களையே கூட்டிச் செய்ய வைத்தார். பெண்பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று வீடு வீடாகப் பேசினார். 1961-இல் அவர் இறந்தபோது நான் தத்தித் தத்தி நடக்கும் குழந்தை. இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன் என்றால் அதில் அவருக்குப் பங்கு உண்டு. அவருக்காகத் தொழுகையில் துஆ கேட்கத் தவறாதே.

1967-இல் இஸ்ரேல் ராணுவம் வந்தது. எல்லைக்கோடு இருந்த இடத்தில் பிறகு எல்லாமே அவர்கள் கையில். அதைப் பற்றி உனக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, நீயே அதில் வளர்ந்தவன். 1995-இல் ஒஸ்லோ உடன்படிக்கையின்படி நிலத்தைப் பிரித்தபோது வீடுகள் இருக்கும் பகுதி 'பி' ஆயிற்று, அதாவது ஊர் நிர்வாகம் பாலஸ்தீனர் கையில், பாதுகாப்பு இஸ்ரேல் கையில். ஊர் நிலத்தில் முக்கால் பங்கு 'சி', அதாவது முழுதும் அவர்கள் கட்டுப்பாட்டில்.

பிறகு அந்தப் பிரிப்புச் சுவர். நீ பள்ளியில் இருந்த காலம் அது. ரயில் பாதையை ஒட்டி, ஜினானுக்குக் குறுக்கே வேலியும் ரோந்துச் சாலையும் வரும் என்று வரைபடம் வந்தது. அப்படி வந்திருந்தால் எத்தனையோ படிகள் இடிந்திருக்கும். அவற்றுக்குக் கீழே உள்ள நிலத்துக்கு நாம் போக முடியாது, தண்ணீரும் போக முடியாது. ஊர் வழக்குப் போட்டது. ஜோர்தானியரும் பாலஸ்தீனரும் இஸ்ரேலியரும் சேர்ந்து நடத்தும் சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று நம்மோடு நின்றது. 2012-இல் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. இஸ்ரேல் அரசின் இயற்கை மற்றும் பூங்காக்கள் ஆணையமே, இந்தச் சுவர் படிநிலங்களுக்குத் திருத்த முடியாத கேடு செய்யும் என்று தன் ராணுவத்துக்கு எதிராகக் கருத்துச் சொன்னது. 2014 ஜூனில் தோஹாவில் கூடிய யுனெஸ்கோ குழு பத்தீரை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. பாலஸ்தீனத்துக்கு அது இரண்டாவது. முதலாவது பெத்லகேம் தேவாலயம். 2015 ஜனவரியில் இஸ்ரேல் உயர் நீதிமன்றம் அந்தச் சுவர்த் திட்டத்தை நிறுத்தி வைத்தது. அன்று ஊரில் இனிப்புக் கொடுத்தார்கள்.

இதில் நீ கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நீதிமன்றத்திலும் யுனெஸ்கோவிலும் நமக்காகப் பேசியது எது? நிலப்பட்டா மட்டும் என்றால் பட்டா வைத்திருந்த எத்தனையோ ஊர்கள் தோற்றுப் போயின. தண்ணீர் இன்னும் முறைப்படி ஓடுகிறது, சுவர்கள் இன்னும் நிற்கின்றன, ஆட்கள் இன்னும் பயிரிடுகிறார்கள் என்பதைத்தான் காட்டினார்கள். வந்த நிபுணர்கள் பார்த்தது உன் தாத்தாவைப் போன்றவர்கள் குளத்தில் கழி விட்டதை. அந்தக் கழி அன்றைக்கு அங்கே இல்லை என்றால் பட்டியலில் ஏற்ற அங்கே என்ன இருந்திருக்கும்?

யுனெஸ்கோ நம்மை ஏற்றிய அன்றைக்கே, ஆபத்தில் இருக்கும் சின்னங்களின் பட்டியலிலும் ஏற்றியது. நீ அதை மறந்துவிட்டாய். அந்த ஆபத்து போகவில்லை, உருவம்தான் மாறியிருக்கிறது. ஊருக்கு மேலே குன்றில் ஒரு கூடாரம், இரண்டு கொட்டகை, ஓர் ஆட்டு மந்தை என்று இஸ்ரேலியக் குடியேற்றக்காரர்கள் வந்து உட்கார்கிறார்கள். ஊர் முறையிட்டால் ராணுவம் வந்து அகற்றும். சில நாளில் வேறு இடத்தில் முளைக்கும். 2024 ஆகஸ்டில், மக்ரூர் பக்கம் சுமார் 600 டூனம், அதாவது ஏறத்தாழ 150 ஏக்கர் நிலத்தில் நஹால் ஹெலெட்ஸ் என்று புதிய குடியேற்றத்துக்கு இஸ்ரேல் அரசு எல்லை குறித்துவிட்டது. யுனெஸ்கோ பட்டியலிட்ட நிலப்பரப்பிலேயே கை வைக்கும் திட்டம் அது. நீ அந்த ஊர்ச் செய்தியில் பார்த்திருப்பாய், நம் ஊர் பெயர் வந்ததா என்று தெரியவில்லை.

அவர்கள் நிலத்தை எடுக்கும் வழிகளில் ஒன்றை நீ தெரிந்துகொள். 1858-இல் உதுமானியர்கள் போட்ட நிலச் சட்டம் ஒன்று இருக்கிறது. மூன்று ஆண்டு தொடர்ந்து பயிரிடாமல் தரிசாகக் கிடக்கும் நிலத்தின் மேல் உரியவருக்கு உரிமை போகும் என்று அதில் ஒரு விதி. சுல்தான் போய் நூறாண்டு ஆகிவிட்டது. அந்த விதியை எடுத்துக்கொண்டுதான் 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து மேற்குக் கரையில் எத்தனையோ நிலத்தை 'அரசு நிலம்' என்று அறிவித்து வருகிறார்கள். வானிலிருந்து படம் எடுத்து, எந்தப் படி பச்சையாக இருக்கிறது, எது காய்ந்து கிடக்கிறது என்று பார்க்கிறார்கள். நம் கீழ்த் தோட்டம் 'சி' பகுதியில் இருக்கிறது.

இப்போது சொல், நீ மாதாமாதம் அனுப்பும் காசு எதற்கு ஈடாகும்? கத்தரிக்காயை ஹெப்ரோன் சந்தையில் வாங்கிவிடலாம். உன் அப்பா கீழே இறங்கிப் போய் மடை திருப்பி நிற்பதை வாங்க முடியாது.

அவர் முழங்காலை நினைத்து எனக்கும் மனம் கேட்கவில்லை. அதற்கு ஒரு வழி யோசித்திருக்கிறேன். 2023 அக்டோபரில் போர் தொடங்கிய பிறகு இஸ்ரேலில் வேலை செய்யும் அனுமதிகளை ரத்து செய்துவிட்டார்களே, உன் மாமா மகன்கள் இருவரும் கட்டட வேலை இல்லாமல் வீட்டில்தான் இருக்கிறார்கள். மூத்தவனுக்குக் கல் வைக்கும் கை இருக்கிறது. நீ அனுப்புவதாகச் சொன்ன பணத்தை அவர்களுக்குக் கூலியாகக் கொடுப்போம். தூக்குவது, சுமப்பது எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்; அப்பா வரப்பில் உட்கார்ந்து எந்தக் கல் எங்கே என்று சொன்னால் போதும். அவர் முதலில் ஒப்ப மாட்டார். மருமகன்களுக்குத் தொழில் கற்றுக் கொடுங்கள் என்று நான் சொல்லிக்கொள்கிறேன், அப்படிச் சொன்னால் ஒப்புவார்.

இன்னொன்றும் கேட்கிறேன். அக்டோபரில் ஒலிவ பறிப்பு. மக்ரூர்ப் பக்கத்து மரங்களுக்கு இந்த முறை தனியாகப் போக அவருக்குத் துணிவில்லை. வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் ஏணியைச் சரிபார்க்காமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார். ஊரில் இந்த ஆண்டு எல்லோரும் கூட்டாகப் போய்ப் பறிப்பதாகப் பேச்சு. வீட்டுக்கு இரண்டு ஆண் என்றால் தைரியமாக இருக்கும். உனக்கு விடுப்புக் கிடைத்தால் வா. அம்மான் வரை விமானம், பிறகு ஜோர்தான் ஆற்றைக் கடக்கும் எல்லைப் பாலம். பாலம் எந்த நாள் எத்தனை மணி வரை திறந்திருக்கிறது என்று கிளம்புவதற்கு முந்தைய நாள் கேட்டுக்கொள், அடிக்கடி மாற்றுகிறார்கள். அதிகாலையிலேயே வரிசையில் நின்றுவிடு.

உன் பெயரில் இருக்கும் தண்ணீர்ப் பங்கை நாங்கள் வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. நீ வரும் வாரத்தில் நம் முறை எந்தக் கிழமையில் விழுகிறது என்று எண்ணிப் பார்த்தேன். நீ மாதத்தின் இரண்டாம் வாரத்துக்குள் வந்தால் இருந்து தண்ணீர் கட்டிவிட்டுப் போகலாம். பெரியவளையும் கூட்டி வா. பெருக்கல் வாய்ப்பாடு சொல்லத் தெரிந்துவிட்டது என்று மருமகள் சொன்னாள்; கணக்குச் சொல்லட்டும்.

வரும்போது அப்பாவுக்கு முழங்கால் பட்டை ஒன்று வாங்கி வா. இங்கே கிடைப்பது இரண்டு நாளில் தளர்ந்துவிடுகிறது. பிள்ளைக்குப் பிடிமானமுள்ள காலணியாகப் பார்த்து எடு. கீழே இறங்கும் பாதையில் பாசி படிந்த இடம் உண்டு, செருப்புக் கால் நிற்காது. டிக்கெட் எடுத்ததும் தேதியை எனக்குச் சொல். அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

வஸ்ஸலாம்.

உன் அம்மா